முன்பதிவில் போன 2,350 ரூபாய்: அமானுஷ்ய நாவல் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 2,350 ரூபாய், ஒரே ஒரு நாவலுக்கு.

வாங்கிய இடத்தின் பெயரைப் போடவில்லை. சமூக ஊடகத்தில் பக்கம் வைத்துக்கொண்டு, பேய், மாந்திரீகம், மர்மம் என்று அந்த வகை நாவல்களை மட்டும் முன்பதிவு வாங்கி அச்சடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு சின்னப் பதிப்பகம். கடை கிடையாது, ஆபீஸ் முகவரி கிடையாது, ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும்தான்.

வாங்கியது எனக்காக இல்லை, அப்பாவுக்காக. எங்கள் வீடு மதுரை புதூரில். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரியார் நிலையத்திலிருந்து அழகர்கோவில் போகிற வண்டியில் பல வருஷம் டிக்கெட் கிழித்தவர். டிரிப்புக்கு டிரிப்பு இடைவெளியில் மாத நாவல் படித்தே காலத்தை ஓட்டியவர். இப்போது வயது 76, கண் அழுத்தத்தால் பார்வை குறைந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருக்கு மிச்சமிருக்கிற சந்தோஷங்களில் இது ஒன்று.

மார்ச் கடைசியில் அந்தப் பக்கத்தில் நாவலின் முதல் அத்தியாயத்தை, 22 பக்கம், இலவசமாகப் போட்டிருந்தார்கள். கதை அழகர்கோவிலில் ஆரம்பிக்கிறது. நம்மூர்க்காரர்களுக்கு இது தெரிந்ததுதான்: அழகர் மதுரைக்குப் புறப்படும்போது அவருடைய நகைகளின் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் வாசிப்பார்கள், திருவிழா முடிந்து மலைக்குத் திரும்பியதும் சரிபார்ப்பார்கள் என்று சொல்வது வழக்கம். கருப்புதான் காவல். கள்ளழகருக்கே கணக்குக் கேட்கிற காவல். அந்த முதல் அத்தியாயத்தில் அழகர் திரும்பி வருகிறார், பட்டியல் வாசிக்கிறார்கள், நகை எதுவும் குறையவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு மோதிரம் கூடுதலாக இருக்கிறது.

படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்பா கண்ணைத் திறந்து, "கூட இருக்கா?" என்றார். அப்புறம் அவரே மெதுவாக, "அப்ப அது யாரோடதுத்தா?" என்று கேட்டார்.

எனக்கு நம்பிக்கை விழுந்தது அந்த நொடியில்தான். விளம்பரம் என்னை ஏமாற்றவில்லை. அந்த 22 பக்கமும் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தது. கருப்புக்கு அங்கே சிலை இல்லை, மூடிய கதவுக்குத்தான் சந்தனம் சாத்திக் கும்பிடுகிறோம் என்பதை எழுதியவர் தெரிந்து எழுதியிருந்தார். சாமியின் சக்தியைக் களவாட வந்த மலையாள மந்திரவாதிகள் 18 பேரை வெட்டிப் படிக்கு ஒருவராகப் புதைத்த கதை எல்லோருக்கும் தெரியும். இவர் அதற்கு மேல் ஒரு அடி வைத்திருந்தார். வந்தவர்கள் 18 பேர் இல்லை, பத்தொன்பதாவதாக ஒருவன் இருந்தான், அவன் தப்பிவிட்டான், அவனுடைய மோதிரம்தான் இது என்று ஜாடை காட்டி அத்தியாயத்தை முடித்திருந்தார். இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் உடம்பு சிலிர்க்கும். எனக்குச் சிலிர்த்தது.

சிறப்புப் பதிப்பு 2,200, கூரியர் 150, ஆக 2,350 ரூபாய். கெட்டி அட்டை, தையல் பைண்டிங், 640 பக்கம், மலையின் வரைபடம், ஆசிரியர் கையெழுத்து எல்லாம் உண்டு என்றார்கள். "சித்திரைத் திருவிழாவுக்குள்ள அப்பா கையில இருக்கும் சிஸ்டர்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அப்பாவுக்குப் பார்வை குறைவு, எழுத்து பெரிதாக இருக்குமா என்று நான் கேட்டிருந்தேன். அதற்கும் "நிச்சயமா, உங்க அப்பாவுக்காகவே பெரிய எழுத்து" என்று பதில். முன்பின் தெரியாத ஒருவர் என் அப்பாவை நினைத்துப் பேசுகிறாரே என்று மனம் இளகிவிட்டது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது ஒரு தனிநபரின் பெயர் வந்தது. பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன்.

சித்திரைத் திருவிழா வந்தது, போனது. அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், பூப்பல்லக்கு முடிந்து மலைக்கும் திரும்பிவிட்டார். புத்தகம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "பேப்பர் தட்டுப்பாடு", "பிரஸ்ல கியூ", "கூரியர்ல குடுத்தாச்சு" என்று பதில் வந்தது. கடைசியில் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் முதல் வாரம்.

மெல்லிய அட்டை. 416 பக்கம். வரைபடம் இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்த கையெழுத்து. எழுத்தோ எனக்கே கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவுக்குப் பொடி. சரி, கதை நன்றாக இருந்தால் போதும் என்று அதையும் விழுங்கிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

முதல் அத்தியாயம் அப்படியே இருந்தது. இரண்டாவதிலிருந்து வேறு கை எழுதியதோ என்று சந்தேகம் வந்தது. நான்காவதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சிலையே இல்லை என்று முதல் அத்தியாயத்தில் சொன்ன அதே நாவலில், ஒன்பதாவது அத்தியாயத்தில் "கருப்பசாமி சிலையின் கண்கள் சிவந்தன" என்று வருகிறது. கதாநாயகன் பெயர் சுந்தரம், இரண்டு இடத்தில் சேகர். சித்திரை மாதம் நடக்கிற கதையில், மறுநாள் என்று போட்டுவிட்டு தீபாவளிப் பட்டாசு வெடிக்கிறது. ஆடி வீதியில் காரில் துரத்துகிறார்கள். இந்த இடத்தில் அப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஆடி வீதி மீனாட்சி கோவிலுக்குள்ளல்ல இருக்கு? மதிலுக்குள்ள கார் எப்படி ஓடும்?" என்று என்னைக் கேட்டார், நான்தான் எழுதினேன் என்பதுபோல. மாசி வீதி, வெளி வீதி என்று போட்டிருந்தால்கூடச் சரி. ஊரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தவருக்கே இது தெரியுமே.

இதையெல்லாம்விட என்னை நோகடித்தது அந்தப் பத்தொன்பதாவது ஆளை வீணடித்த விதம். பேய்க்கதை என்றாலும் அதற்கு ஒரு கட்டு வேண்டும். எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒரு வரம்பு இருந்தால்தான் பயமே வரும். இந்த நாவலில் அந்தப் பத்தொன்பதாவது ஆளின் ஆவி வைகையைத் தாண்ட முடியாது என்று மூன்றாவது அத்தியாயத்தில் சொல்கிறார்கள். அருமையான கட்டு. ஆற்றுக்கு வடக்கே இருக்கிற எங்களைப் போன்றவர்கள் பயப்படலாம், தெற்கே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம், யார் எந்தக் கரையில் இருக்கிறார்கள் என்பதை வைத்தே கதையை இறுக்கியிருக்கலாம். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அது வடகரையில் கோரிப்பாளையத்தில் நிற்கிறது, இரண்டு பக்கம் தள்ளி தென்கரையில் சிம்மக்கல்லில் நிற்கிறது. எப்படித் தாண்டியது? ஒரு வரி விளக்கம் இல்லை. மேலூர்ப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, "நான் உன்னிடம் முற்றிலும் நேர்மையாக இருக்கப்போகிறேன், மகனே" என்கிறாள். மேலூரில் எந்தக் கிழவி இப்படிப் பேசுவாள்? அத்தியாயத்துக்கு அத்தியாயம் "அவன் ரத்தம் உறைந்தது" என்று முடிகிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை.

அதையும் பொறுத்துப் படித்தோம், அந்த மோதிரத்துக்காக. அப்பா தினமும் அதையேதான் கேட்பார். 272-ஆம் பக்கத்தில் சுந்தரம் கதவுக்கு முன்னால் நின்று மோதிரத்தைக் கையில் எடுக்கிறான், உள்ளே பொறித்திருக்கிற பெயரைப் படிக்கப்போகிறான். பக்கத்தைத் திருப்பினால் 257. மறுபடியும் 257-லிருந்து 272 வரை அப்படியே வந்து, அடுத்த பக்கம் 289. அங்கே, "அந்தப் பெயரைப் படித்த பிறகு அவனுக்குத் தூக்கம் வரவில்லை" என்று இருக்கிறது. அதற்கப்புறம் கடைசிவரை அந்தப் பெயர் என்ன என்று ஒரு இடத்திலும் இல்லை.

மறுநாள் தெற்கு மாசி வீதிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த பைண்டிங் கடை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது தையலே கிடையாது தங்கச்சி, முதுகச் சீவிட்டுச் சூடா பசை ஓட்டியிருக்கான்" என்றார். 16 பக்கம் ஒரு ஃபாரம், மடித்த ஃபாரங்களை வரிசையாக அடுக்கும்போது 17-வதை இரண்டு தடவை வைத்துவிட்டு 18-வதை விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினார். "எங்க தொழில்ல இது நடக்குறதுதான். நடந்தா வேற பிரதி மாத்திக் குடுக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

அம்புட்டுத்தான் நானும் கேட்டேன். முதலில் "டீமுக்கு ஃபார்வேர்டு பண்ணிட்டோம் சிஸ்டர்" என்றார்கள். ஐந்து நாள் கழித்து, பார்சலைப் பிரித்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் குரலே மாறிவிட்டது. "படிச்சு முடிச்ச புத்தகத்துக்கு ரீஃபண்ட் கிடையாது." முடிக்கவே முடியாத புத்தகத்தை எப்படிப் படித்து முடிப்பது என்று கேட்டேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அமானுஷ்ய நாவலில் சில விஷயங்களை வாசகர் கற்பனைக்கு விடுவது ஒரு உத்தி." பதினாறு பக்கம் அச்சில் விட்டுப்போனதற்குப் பெயர் உத்தியாம். ஒரே பக்கங்களை இரண்டு தடவை வைத்ததும் உத்தியா என்று கேட்டேன். பதில் இல்லை.

விடாமல் கேட்டதில், விட்டுப்போன பக்கங்களை பிடிஎஃப்பாக அனுப்புகிறோம் என்றார்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்தது. அப்பாவை உட்காரவைத்து, போனைத் திறந்தேன். அதே முதல் அத்தியாயம். அதே 22 பக்கம். இலவசமாகப் போட்டு என்னைப் பிடித்தார்களே, அதேதான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, "சரி, வெளக்க அமத்துத்தா" என்று படுத்துவிட்டார்.

நேற்று, பணத்தைத் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன். அடுத்த வாங்கலுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அதற்கு நான் எழுதிய பதில் போய்ச் சேரவில்லை. அதற்குள் பிளாக்.

2,350 ரூபாய் பெரிய தொகையா என்று என் தம்பியே கேட்டான். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு ஒரு மாதத்துக் கண் சொட்டு மருந்து, மாத்திரை. அந்த 2,350 ரூபாய்க்கு மாத நாவல் வாங்கியிருந்தால் வருஷம் முழுக்கப் படித்துக் காட்டியிருப்பேன். எழுதியவர் மேல் எனக்கு இன்னும் முழுசாகக் கோபம் வரவில்லை. அந்த முதல் அத்தியாயத்தை எழுதிய கைக்கு, மிச்சத்தை இப்படி விற்றிருக்கிறார்கள் என்பது தெரியுமா என்றே தெரியவில்லை. ஒரு எடிட்டர், ஊர் தெரிந்த ஒரு ஆள், ஃபாரம் சரிபார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் இது நம்மூரின் நல்ல நாவல்களில் ஒன்றாக வந்திருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், நடுவிலிருந்து பத்துப் பக்கம் கேளுங்கள். க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது தனிநபர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், பக்க எண்களை அன்றைக்கே புரட்டிப் பாருங்கள். சாட் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நான் இன்று காலை 1915-க்குப் பேசிவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. தம்பியின் போனில் அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். அடுத்த நாவலுக்கு முன்பதிவு ஆரம்பித்துவிட்டார்கள். முதல் அத்தியாயம் இலவசம், விலை அதே 2,350.