பாலியில் ஸ்கூபா டைவ் அடிக்கப் போகிற புதியவர்களுக்கு: எங்கள் 23,400 ரூபாய் போன கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, டைவ் டூர் புக் செய்த ஆப்பிலிருந்து கடைசி பதில் வந்தது. "சேவை வழங்கப்பட்டுவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது." 23,400 ரூபாய்க்கு ஒரே ஒரு வரி. தூக்கமும் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

பெயர் எதையும் போடவில்லை. கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடிகிற வரை வேண்டாம் என்கிறான் தம்பி. சம்பந்தப்பட்டது இரண்டு. ஒன்று, டிக்கெட், டூர் எல்லாம் விற்கிற பெரிய ஆப். இன்னொன்று, அந்த ஆப் வழியாக ஆள் பிடிக்கிற, பாலியில் சானூர் பக்கத்து டைவ் கடை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

நானும் தம்பியும் மார்ச் மாதம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்தோம். அனுபவம் என்று பார்த்தால் கோர்ஸில் போட்ட நாலு டைவ்தான். கோர்ஸ் முடித்ததற்குத் தந்த கார்டில் எங்களுக்கு 18 மீட்டர் வரைதான் அனுமதி. அங்கே சொல்லிக்கொடுத்தவர் கடைசி நாள் ஒன்று சொன்னார்: "முதல் பத்து டைவுக்கு மீன் பார்த்து இடம் தேடாதீங்க. அடியில மணல், அமைதியான தண்ணி, இழுப்பு இல்லாத இடம், இதைப் பார்த்துத் தேடுங்க." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். ஒன்றும் தெரியாமல் போய் ஏமாந்தவள் இல்லை நான். அதுதான் இன்னும் வயிறு எரிகிறது.

பாலியில் புதியவர்களுக்கு நல்ல இடம் என்றால் வடகிழக்கில் துலாம்பென். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கிய லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்துவந்து அந்தக் கரையில் ஏற்றினார்கள். 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்துவிட்டது. கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கப்பலின் மேல்பகுதி ஐந்து மீட்டரிலேயே ஆரம்பிக்கிறது, அடிப்பகுதி முப்பது வரை போகும், நமக்குத் தேவையான ஆழத்தோடு நின்றுகொள்ளலாம். அங்கே பெண்கள் காற்று டாங்கைத் தலையில் சுமந்துகொண்டு கல்லில் நடந்து போவார்களாம். அதைப் பார்க்கவே எனக்கு ஆசை. ஆனால் எங்கள் ஹோட்டலிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். சோம்பல்பட்டு, ஒரு மணி நேரத்தில் போகிற பதங் பாயைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ப்ளூ லகூன் என்று சின்ன விரிகுடா, வெள்ளை மணல், பெரும்பாலும் அமைதியான தண்ணீர்.

ஆப்பில் தெளிவாகவே போட்டிருந்தது: பதங் பாய், ஆரம்ப நிலையினருக்கு ஏற்றது, நாலு பேருக்கு ஒரு கைடு. இரண்டு பேருக்கு இரண்டிரண்டு டைவ், கருவி வாடகை, வண்டி எல்லாம் சேர்த்து 23,400 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. கட்டியதும் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் வந்தார். நாலு டைவ்தான் போட்டிருக்கிறோம், நீரோட்டம் வேண்டாம், 18 மீட்டருக்குக் கீழே போக மாட்டோம் என்று எழுதினேன். "கவலையே வேண்டாம்" என்று குரல் பதிவு. அப்புறம் எங்கள் எடை என்ன, உயரம் என்ன, கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், ஷூ சைஸ் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஷூ சைஸ் கேக்குறான்க்கா, ஆளு சரியான ஆளுதான்" என்றான் தம்பி. எனக்கும் அங்கேதான் நம்பிக்கை விழுந்தது. இவ்வளவு விசாரிக்கிறவன் ஏமாற்றுவானா என்று தோன்றியது. காலில் மாட்டுகிற ஃபின் (துடுப்பு) அளவு தெரியாமல் எந்தக் கடையும் ஆளை ஏற்றாது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

காலை ஏழேகாலுக்கு வண்டி வந்தது. கிழக்கே போக வேண்டிய வண்டி சானூர் கடற்கரையில் போய் நின்றது. படகு ரெடி. "பதங் பாயில் இன்றைக்கு அலை ஜாஸ்தி. நூசா பெனிடா தீவுக்குப் போகலாம். அதே விலை, மான்டா திருக்கையே பார்க்கலாம், உங்களுக்கு லாபம்தான் காக்கா" என்றார் கைடு. அங்கே அக்காவைக் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். நாலு டைவ்காரர்களுக்கு அது சரிப்படுமா என்று கேட்டதற்கு நெஞ்சில் கை வைத்து, "உங்கள் பக்கத்திலேயே இருப்பேன்" என்றார். பாட்டி சுட்ட வடையைத் தூக்கிவந்த காக்காவிடம் நரியும் இப்படித்தான் பேசியது. வாயில் இருந்தது 23,400 ரூபாய் வடை.

படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே ஈர அட்டையில் ஒரு படிவம் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நாங்களும் போட்டோம். "கடல் நிலைக்கேற்ப இடம் மாறலாம்" என்று அதில் ஒரு வரி இருந்ததாம். பிற்பாடு ஒவ்வொரு பதிலிலும் அந்த வரியைத்தான் எங்கள் முகத்தில் எறிந்தார்கள்.

படகில் எங்களோடு ஐந்து பேர். எல்லோர் கையிலும் பெரிய கேமரா, நூற்றுக்கணக்கில் டைவ் போட்டவர்கள். ஆகஸ்ட் மாதம் பெனிடாவின் கிறிஸ்டல் பே பக்கம் ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும், அதோடு மோலா என்கிற ராட்சத மீன் வரும். அதைத் தேடி வந்தவர்கள். ஏழு பேருக்கு ஒரே கைடு. நடந்தது என்ன என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்காக பதங் பாய்க்குத் தனி வண்டி, தனி கைடு அனுப்புவதை விட, கிளம்புகிற படகில் தூக்கிப் போட்டுவிடுவது லாபம். அன்றைக்கு வேறு கடையோடு பதங் பாய் போய்வந்த ஒரு ஜோடியை ராத்திரி ஹோட்டலில் பார்த்தோம். தண்ணீர் தட்டு மாதிரி இருந்ததாம்.

பெனிடாவைச் சுற்றியுள்ள கடலைப் பற்றி நான் படித்ததெல்லாம் அதை ஒதுக்குவதற்காகத்தான். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிற தண்ணீரில் ஒரு பங்கு லொம்போக் நீரிணை வழியாக நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. பெனிடா அதன் வாசலிலேயே இருக்கிறது. ஓதமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கூடும். நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள். படகில் உட்கார்ந்தபோது அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

இறங்கிய இடம் அழகுதான். ஐந்து மீட்டரில் வெள்ளை மணல், சின்னச் சின்ன மீன்கள். பத்து நிமிடம் கழித்து கைடு பாறையின் முனையைத் தாண்டித் திரும்பினார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் குளிர் அடித்தது. வாடகை வெட்சூட்டில் இடது முழங்கால் கிழிசல், அது வழியாக உள்ளே ஓடிய தண்ணீர் பல்லைக் கிட்ட வைத்தது. ஆழமும் வெப்பமும் காட்டுகிற, தம்பி போனஸில் வாங்கிய டைவ் கம்ப்யூட்டர் என் மணிக்கட்டில் இருந்தது. 19 டிகிரி.

அப்புறம் பார்த்தேன், நான் விட்ட குமிழ்கள் மேலே போகவில்லை. மூக்குக்கு நேராகக் கொஞ்சம் தயங்கி, சுழன்று, கீழே போயின. ஆழம் காட்டும் எண் ஓடுகிறது: 16, 19, 22 மீட்டர். மிதக்க வைக்கும் சட்டையில் (பிசிடி) காற்று ஏற்றினாலும் இறங்கிக்கொண்டே இருக்கிறேன். தம்பி காதைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான். அவன் தோள்பட்டை வாரை ஒரு கையில் பிடித்தேன், இன்னொரு கையில் பாறை. 27 மீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணீருக்கு மேலே இழுப்பதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு காற்று போகும், அதிலும் பயந்தவள் மூச்சு. "பக்கத்திலேயே இருப்பேன்" என்றவர் முன்னால் கேமராக்காரர்களோடு போய்க்கொண்டிருந்தார். ஒருதரமாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

எங்களைப் பார்த்தது அந்த ஐந்து பேரில் ஒரு பெண்மணி. என் கையைப் பிடித்து, மேலே இழுக்காமல், பாறைச் சரிவை விட்டு விலக்கிப் பக்கவாட்டில் விரிகுடா பக்கம் நீந்த வைத்தார். ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிறுத்தினார். மேலே வந்தபோது, டாங்கில் மிச்சக் காற்றைக் காட்டுகிற என் கேஜில் 30 பார்தான், கிட்டத்தட்ட காலி. அவர் பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

கைடு மேலே வந்து சிரித்தார். "கொஞ்சம் கரன்ட், பரவாயில்லை." அடுத்த டைவ் மான்டா பாயின்ட், திறந்த கடல். நாங்கள் இறங்கவில்லை. அலையில் வாந்தி எடுத்துக்கொண்டு படகிலேயே கிடந்தோம்.

இதன் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. கடைக்காரரிடம் கேட்டால், பணம் ஆப்பிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஆப்பில் கேட்டால், கடைதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது டைவுக்கு "வாடிக்கையாளர் தாமாக விலகினார்" என்று பதிந்திருக்கிறார்கள். 27 மீட்டர், 19 டிகிரி என்று கம்ப்யூட்டர் பதிவைப் படம் எடுத்து அனுப்பினேன். சரிபார்க்க இயலாதாம். சாட்டில் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் ஒருவர் வந்து, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், புக்கிங் எண் சொல்லுங்கள்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடைசியில் 500 ரூபாய் கூப்பன் கொடுத்தார்கள், அதுவும் அடுத்த டூருக்குத்தான் செல்லும். 23,400க்கு 500!

கடைக்காரரின் பெருந்தன்மையையும் சொல்லிவிடுகிறேன். "நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள், ப்ளூ லகூனில் இலவசமாக ஒரு டைவ்" என்றார். அதே நாள் மாலை நாலரைக்கு எங்கள் விமானம். ஒரே ஒரு டைவ் போட்டால்கூட 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது கோர்ஸில் சொல்லிக்கொடுக்கிற பாடம். விமான நேரத்தைச் சொன்ன பிறகும் "ஒன்றும் ஆகாது" என்கிறார் அந்த ஆள். எனக்கு அலையைவிட இதுதான் பயமாக இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கும்போது தம்பி காதைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டான். டாக்டர், செவிப்பறை சிவந்திருக்கிறது, கொஞ்ச நாள் தண்ணீர் பக்கமே போகாதே என்றார். அந்தச் செலவு தனி. அம்மா கேட்ட வாஷிங் மெஷின் இந்த 23,400 ரூபாயில் வந்திருக்கும். அம்மாவிடம் காது வலிக்கு ஏசி காற்று என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

2014 பிப்ரவரியில் இதே கடலில், லெம்போங்கன் தீவுப் பக்கம், ஏழு ஜப்பானியப் பெண்களை நீரோட்டம் அடித்துக்கொண்டு போனது. அதில் பயிற்றுநர்களும் உண்டு. ஐந்து பேர்தான் உயிரோடு கிடைத்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. நாங்கள் நாலு டைவ்காரர்கள்.

புதியவர்கள் இடம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கடையைப் பார்க்கும் முன் இடத்தை முடிவு செய்யுங்கள், பாலி என்றால் துலாம்பெனிலேயே ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், சோம்பல்படாதீர்கள். இடத்தின் பெயரையும் "மாறினால் முழுப் பணம் வாபஸ்" என்பதையும் எழுத்தில் வாங்காமல் காசு கட்டாதீர்கள். கரையில் வந்து இடம் மாறிவிட்டது என்றால் படகில் ஏறாதீர்கள், ஏறிவிட்டால் பணம் போனது போனதுதான். பௌர்ணமி, அமாவாசை பாருங்கள். பயணக் காப்பீட்டில் டைவிங் உண்டா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துப் பாருங்கள், நாங்கள் படிக்கவில்லை.

வங்கியிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். அந்த ஈர அட்டைப் படிவத்தின் நகல் வேண்டுமாம். கடைக்காரர் அதை அனுப்ப மாட்டேன் என்கிறார்.