மூன்று மணி ரயிலும் வெண்கலப் பயணிகளும்: அமெரிக்க நடுத்தர நகரங்களின் ரயில் நிலையங்கள்

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் இப்போது சில உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற உரிமையில் என்னிடம் வந்து, "ஐயா, அங்கே ஊருக்கு ஊர் ரயிலில் போய்வர முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் ரயில் எப்படி இருக்கும் என்பதைவிட, ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மகளைப் பார்க்கச் சின்சினாட்டிக்குச் சென்றிருந்தபோது, 30 நாள்களுக்குள் 10 பயணம் செய்ய இடம்தரும் ஆம்ட்ராக் (அந்நாட்டின் தொலைதூரப் பயணி ரயில்களை நடத்தும் நிறுவனம்) பயணச்சீட்டை நானும் என் துணைவியாரும் வாங்கிக்கொண்டு, சிக்காகோவை நடுவாக வைத்து நடுத்தர நகரங்கள் சிலவற்றுக்குப் போய்வந்தோம். அப்போது பார்த்த நிலையங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

என் அளவுகோல் எங்கள் ஊர் நிலையத்தில் கிடைத்தது. என் தாத்தா பினாங்கில் கப்பலிறங்கி, எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் ரயிலேறி, ஒரு தகரப்பெட்டியோடு இங்கே வந்து இறங்கித் தோட்டத்துக்கு நடந்து போனவர். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக விடியற்காலையில் அம்மாவின் மடியில் தலைவைத்து அந்த நிலையத்துப் பெஞ்சில் நான் படுத்திருந்திருக்கிறேன். இருட்டில் விளக்கு, மழைக்குக் கூரை, பூட்டப்படாத கழிவறை, கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள், மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் வரும் ரயில் ஆகிய இவ்வளவும் இருந்தால்தான் அது நிலையம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1917இல் கட்டிமுடிக்கப்பட்ட ஈப்போ நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கட்டடத்தின் வழியாகத்தான் இன்றும் நாங்கள் ரயிலுக்குப் போகிறோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சின்சினாட்டியின் யூனியன் டெர்மினலைப் போன்ற ஒரு ரயில் நிலையத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1933இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் முகப்பு, பாதியாக வெட்டிக் கவிழ்த்த பானையைப் போல 180 அடி அகலத்துக்கு வளைந்து நிற்கிறது. உள்ளே 106 அடி உயரத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக அரைவட்ட விதானம் விரிகிறது. சுற்றுச் சுவர்களில் வினோல்டு ரைஸ் என்ற ஓவியர் வடிவமைத்த, வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் தலைவர்களைத் தேடினேன். கண்ணில் பட்டவர்கள் உழைப்பாளிகள். ரயில் மேடைகளுக்குச் செல்லும் கூடத்தில் இதே ஓவியர் அந்த நகரத்துத் தொழிற்சாலைகளில் உண்மையாக வேலை செய்தவர்களைப் படம்பிடித்து, சோப்பு காய்ச்சுபவர், பியானோ செய்பவர், இறைச்சி பதப்படுத்துபவர் என்று தனித்தனி ஓவியங்களாக்கியிருந்தார். 1974இல் அந்தக் கூடம் இடிக்கப்பட்டபோது, அவற்றில் 14 ஓவியங்களைச் சுவரோடு பெயர்த்தெடுத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். மலாயாவில் தண்டவாளம் போட்டவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருடைய முகத்தையும் எந்த நிலையத்துச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அந்த விதானத்தின் கீழ் நெடுநேரம் நின்றதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாளொன்றுக்கு 216 ரயில்கள் வந்துபோகும் கணக்கில் கட்டப்பட்ட இந்த நிலையத்துக்கு இப்போது வருவது ஒரே ஒரு ரயில். சிக்காகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் கார்டினல் என்ற அந்த ரயிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. சிக்காகோவிலிருந்து வருவது அதிகாலை மூன்று மணிக்குமேல், சிக்காகோவுக்குப் போவது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குமேல். 1971இல் ஆம்ட்ராக் உருவாகி நாட்டின் பயணி ரயில்களை ஏற்றுக்கொண்டபோது, இத்தனை பெரிய கட்டடங்களுக்கு வெப்பமூட்டவும் விளக்கேற்றவும் ஆகும் செலவு மிஞ்சிய சில ரயில்களுக்குக் கட்டுபடியாகவில்லை. 1972இல் ஆற்றோரத்தில் ஒரு சிறிய நிலையத்துக்கு மாறிய ரயில், 19 ஆண்டுகள் கழித்து 1991இல்தான் இங்கே திரும்பியது. இடையில் இது கடைத்தொகுதியாகி, அதுவும் நொடித்து, 1990இல் அருங்காட்சியகம் ஆனது. இன்றும் கட்டடத்தில் பெரும்பகுதி அருங்காட்சியகத்துக்கே உரியது. ஆனால் ரயில் பயணிகளுக்கென்று விடப்பட்டுள்ள அறை தகரக் கொட்டகை அன்று. வேலைப்பாடு மிக்க மரப்பலகைகள் பதித்த சுவர்களுக்கு நடுவே, விளக்கொளியில், நிலையத்து ஊழியர் ஒருவர் இருக்க, நாங்கள் நிம்மதியாகக் காத்திருந்தோம். நேரம் ஒன்றைத் தவிர, என் அளவுகோலின்படி இந்த நிலையத்தில் எதுவும் குறையவில்லை. அந்த ஒரு குறைதான் பெரிது: கைக்குழந்தையோடு வருபவருக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் அதிகாலை மூன்று மணி என்பது வேளையே அல்ல.

கன்சாஸ் சிட்டியின் யூனியன் ஸ்டேஷன் 1914இல் திறக்கப்பட்டது. 95 அடி உயர விதானத்திலிருந்து, ஒவ்வொன்றும் 1,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள மூன்று சரவிளக்குகள் தொங்குகின்றன. கூடத்தின் நடுவே ஆறடிக் குறுக்களவில் ஒரு கடிகாரம் இருக்கிறது. என்னை அதிகம் கவர்ந்தது அந்த நிலையம் மீண்ட வரலாறு. 1980களில் கைவிடப்பட்டு ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தை மீட்பதற்காக, மிசௌரி, கன்சாஸ் என்ற இரண்டு மாநிலங்களைச் சேர்ந்த வட்டாரங்களின் மக்கள் 1996இல் வாக்களித்துத் தங்கள்மேல் ஒரு சிறு விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். 1999இல் கட்டடம் திறந்தது; 2002இல் ரயிலும் அதற்குள் திரும்பியது. செயின்ட் லூயிக்குப் பகலிலேயே ரயில் கிடைப்பதால், பார்க்கவும் பயன்படுத்தவும் ஒருசேரத் தகுந்த பெரிய நிலையம் என்று நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஓமஹா என் மனத்தை வருத்திய ஊர். அங்கே பழைய நிலையங்கள் இரண்டு எதிரெதிராக, இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. 1931இல் திறந்த யூனியன் ஸ்டேஷன் இப்போது டர்ஹாம் அருங்காட்சியகம். 1898ஆம் ஆண்டுக் கட்டடமான பர்லிங்டன் நிலையம் இப்போது ஒரு தொலைக்காட்சி நிலையம். ரயிலேறுபவர்களுக்கு உரியது, பர்லிங்டன் கட்டடத்தின் பக்கத்தில் 1980களில் கட்டப்பட்ட தட்டையான சிறு கட்டடம். சிக்காகோவிலிருந்து வரும் கலிஃபோர்னியா செஃபிர் என்ற ரயில் அங்கே வந்துசேர்வது இரவு பதினொரு மணியளவில். அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் பழங்காலப் பயணிகளைப் போல வெண்கலச் சிலைகள் செய்து, பெட்டியும் கையுமாகப் பெஞ்சுகளில் உட்காரவைத்திருக்கிறார்கள். சிலைகள் அழகானவை, செய்தவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும், வெண்கலப் பயணிக்கு அத்தனை உயரமான விதானமும் உயிருள்ள பயணிக்கு அந்தச் சிறு அறையும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. அருங்காட்சியகத்தை ஒருமுறை பாருங்கள். ரயில் நிலையம் என்ற வகையில் ஓமஹாவுக்கு நான் கொடுக்கும் மதிப்பு குறைவு.

ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1930இல் திறந்த 52 மாடி டெர்மினல் டவரின் அடியில் நகர ரயில்கள் மட்டுமே ஓட, தொலைதூர ரயில்கள் ஏரிக்கரையில் 1977இல் கட்டிய சிறு கட்டடத்தில், நள்ளிரவுக்கும் காலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் வந்துபோகின்றன. 1970களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் பல ஊர்களில் எழுந்த ஆம்ட்ராக் நிலையங்களைச் சேர்ந்தது அது. அதே மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸில் அதுவும் இல்லை. 1976இல் பழைய நிலையத்தின் முகப்பை இடித்தார்கள். 1979இல் கடைசிப் பயணி ரயிலும் நின்றது. முகப்பிலிருந்து மீட்ட வளைவு ஒன்று மட்டும் ஒரு பூங்காவில் நிற்கிறது. மகள் காரில் அழைத்துப்போய்க் காட்டினாள். கொலம்பஸில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் ரயிலை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு சிற்றூரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று கேட்க ஆள் இல்லை. பனிக்காற்றில் என் துணைவியார் சுவரோரமாக நாற்பது நிமிடம் நின்றார். ஊழியர் இல்லாத நிலையங்கள் அந்நாட்டில் நிறைய உண்டு. ஆகவே சீட்டு எடுக்கும்போதே ஆம்ட்ராக் இணையதளத்தில் அந்த நிலையத்துக்குரிய பக்கத்தைத் திறந்து, ஊழியர் இருக்கிறாரா, அறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேர்பெற்ற மாளிகைகளைவிட, அடக்கமான இரண்டு புது நிலையங்கள்தான் என் அளவுகோலில் மேலே நிற்கின்றன. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், 1914ஆம் ஆண்டின் அழகிய நிலையத்தை இடித்து, பிறகு 1970களின் பெட்டிக் கட்டடத்தோடு நாற்பது ஆண்டுக் காலம் ஓட்டியிருக்கிறார்கள். 2017இல் திறந்த இப்போதைய நிலையத்தின் உயர்ந்த வளைவுச் சன்னல்கள் அந்தப் பழைய நிலையத்தை நினைவுபடுத்தும்படி அமைக்கப்பட்டவை. அதைவிட முக்கியம், அதன் மேடை ரயில்பெட்டியின் தரைமட்டத்துக்கே உயர்த்தப்பட்டிருக்கிறது. நாம் சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்ற மின்சார ரயிலுக்குள் அடியெடுத்து வைப்பதுபோல அங்கேயும் நேராக உள்ளே நடக்கலாம். நாங்கள் சென்ற மற்ற நிலையங்கள் பலவற்றில் மேடை தாழ்வாக இருப்பதால், ஊழியர் கீழே வைக்கும் மஞ்சள் முக்காலியில் கால்வைத்துத்தான் ஏற வேண்டும். ராச்செஸ்டரில் என் துணைவியார் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார்.

மற்றொன்று மில்வாக்கி. சிக்காகோவிலிருந்து ஏறத்தாழ 138 கிலோமீட்டர்; ஒன்றரை மணி நேரப் பயணம். பகலிலும் மாலையிலுமாக நாள்தோறும் பல முறை ரயில் இருக்கிறது. 2007இல் புதுப்பித்த கண்ணாடி முகப்புக் கட்டடத்தில் பேருந்து நிலையமும் சேர்ந்தே இருப்பதால் எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு. விதானத்தை அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ரயில் தவறினாலும் அன்றைக்கே அடுத்த ரயிலில் ஏறிவிடலாம். முதன்முறை போகிறவர்கள் சிக்காகோவில் இரண்டு நாள் தங்கி, காலை ரயிலில் மில்வாக்கிக்குப் போய் மாலையில் திரும்பிப் பாருங்கள். அது ஒத்துவந்தால் கன்சாஸ் சிட்டிக்குச் சீட்டு எடுக்கலாம். சின்சினாட்டிக்கு மட்டும், அழைத்துப்போக விழித்திருக்கும் ஒருவர் அந்த ஊரில் இருந்தால் போங்கள். மறுநாள் நன்றாகத் தூங்கி எழுந்தபின் பகல் வெளிச்சத்தில் மறுபடியும் அதே நிலையத்துக்குப் போய், அந்தச் சுவரோவியங்களை நின்று பாருங்கள். நுழைவாயில் மண்டபத்துக்குக் கட்டணம் இல்லை.