புள்ளி வைத்தவர் பெயர்: பப்புன்யா வழியா, போபால் வழியா?

இந்த முறை பாடசாலைச் சித்திரக் கண்காட்சிக்குத் தரம் 10 பிள்ளைகளில் பாதிப்பேர் புள்ளிப் படம் கொண்டுவந்தார்கள். பல்லி, ஆமை, கங்காரு, எல்லாம் புள்ளி. "இது யாருடைய கலை?" என்று கேட்டேன். "நெட்டிலை எடுத்தது ரீச்சர்." சரி, நம் கோயில் குதிரை வாகனத்தைச் செய்தவர் யார்? அதற்கும் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து, அந்தப் புள்ளிப் பாணி பிறந்த அவுஸ்திரேலியாவின் பப்புன்யாவையும் இந்தியாவின் போபாலையும் மனதில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இரண்டிலும் தொல்குடிக் கலை வெளியுலகத்துக்குப் போனது. போன வழிதான் வேறு. யாழ்ப்பாணத்தில் வாகனம் செதுக்குபவர்களுக்கும் சீலை எழுதுபவர்களுக்கும் எந்த வழி பொருந்தும்?

பப்புன்யா மத்திய அவுஸ்திரேலியாவில், அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறக்குறைய 240 கிலோமீற்றரில் இருக்கிறது. 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் அங்கே படிப்பித்த காலத்தில், ஊர்ப் பெரியவர்கள் பாடசாலைச் சுவரில் தேன் எறும்பின் கதையை வரைந்தார்கள். அந்தச் சுவரைப் பிறகு பெயின்ற் அடித்து மறைத்துவிட்டார்கள். ஆனால் வரைந்தவர்கள் அதற்கு முன்பே, 1972இல், தங்களுக்கென ஒரு கம்பனி தொடங்கியிருந்தார்கள்: பப்புன்யா டூலா. இன்றைக்கும் அது கலைஞர்களுக்கே சொந்தம். படத்தின் பின்புறத்தில் ஓர் இலக்கம் இருக்கும். வரைந்தவர் பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு, மாதம், வரிசை எண்.

புள்ளிக்கும் காரணம் உண்டு. தொடக்க காலப் பலகை ஓவியங்களில், சடங்கில் மட்டும் காட்ட வேண்டிய சில உருவங்கள் வெளிப்படையாக வந்துவிட்டன. பெண்களும் தீட்சை பெறாத ஆண்களும் பார்க்கக்கூடாதவை அவை. அயல் சமூகத்தார் முறையிட்டார்கள். அதன் பிறகு அவற்றைத் தவிர்த்தார்கள், புள்ளிகளால் மூடினார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப அது மூலஸ்தானத் திரை மாதிரியா ரீச்சர்?" என்றாள். எனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்ல வந்திருக்காது.

போபால் கதையின் நடுவில் ஒரு தனி மனிதர் நிற்கிறார். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கர் கிராமத்தின் ஜன்கர் சிங் ஷ்யாம். கோண்டு மக்களுக்குப் பாட்டும் கதையும் சொல்லிவந்த பர்தான் சமூகத்தவர். ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலில் 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவன் கலை மையத்துக்காக ஊரூராக ஆள் அனுப்பித் தேடியபோது, ஜன்கர் வரைந்த சுவர்ச் சித்திரம் கண்ணில் பட்டது. சுவரில் இருந்தது காகிதத்துக்கு வந்தது. 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை போனது. உறவுக்காரப் பிள்ளைகள் போபாலுக்கு வந்து அவர் வீட்டில் தங்கிப் பழகினார்கள், அந்தப் பாணிக்கே அவர் பெயர் வந்தது. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் இன்று பஜ்ஜு ஷ்யாம் போன்ற கோண்டு ஓவியர்களின் பெயரைப் புத்தக அட்டையிலேயே அச்சிடுகிறது. போபால் வழியில் எனக்குப் பிடித்தது இதுதான்: முதல் நாளிலிருந்தே கலைஞருக்குப் பெயர் உண்டு.

ஆனால் அழைப்பதும் தேர்ந்தெடுப்பதும் வெளியார் கையில். 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில், ஜன்கர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைப் படிக்கும்போதெல்லாம், அவர் பக்கத்தில் தன் ஊர்க்காரர் ஒருவராவது இருந்திருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பணத்தில் அவுஸ்திரேலியாவும் சுத்தமில்லை. தொல்குடி ஓவியர் டேவிட் மலங்கியின் மரப்பட்டை ஓவியம் அவருக்குத் தெரியாமலே 1966இல் ஒரு டொலர் தாளில் ஏறியது. பிறகுதான் 1000 டொலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிச் சாமானும் கொடுத்தார்கள். பப்புன்யா ஓவியர் கிளிஃபர்ட் பொஸம் 1977இல் 1200 டொலருக்கு விற்ற ஓவியம் 2007இல் 24 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அவர் 2002இலேயே காலமாகிவிட்டார். மறுவிற்பனையில் கலைஞருக்கு 5 வீதம் கொடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல்தான். இருந்தாலும் அங்கே கேட்பதற்கு ஒரு கம்பனி இருந்தது, ஒரு சட்டம் வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுவோம் என்கிற மூன்றாவது வழியும் உண்டு. உயிரோடு வேலை செய்கிறவர்களுக்கு அது எதற்கு?

நம் ஊருக்கு நான் பப்புன்யா வழியைத்தான் சொல்வேன். எங்கள் வாகனம் ஒருவரின் வேலை அல்ல. மரம் பார்ப்பவர், செதுக்குபவர், வர்ணம் தீட்டுபவர், கடைசியில் கண் திறப்பவர் என்று ஒரு பட்டறையே சேர்ந்து செய்வது. அதிலிருந்து ஒருவரை மட்டும் எடுத்து மேடையில் வைத்தால் மற்றவர்கள் காணாமல் போவார்கள். எதைக் காட்டலாம், எதைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம் என்பதையும் பட்டறைதான் சொல்ல வேண்டும். இப்போது வாகனத்தில் இருப்பது உபயகாரர் பெயர் மட்டும். குடும்பம், ஊர், கனடா என்று பெரிய எழுத்தில்.

இதையெல்லாம் எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு முதியவரிடம் சொன்னேன். மயிலின் கழுத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார். தூரிகையை எடுக்காமலே, "சாமி ஏறுற வாகனத்திலை என்ரை பேர் எதுக்கு ரீச்சர்?" என்றார்.

"மேலை வேண்டாம் ஐயா. பீடத்துக்கு அடியிலை, ஒருத்தருக்கும் தெரியாத இடத்திலை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்பிடியெண்டால் முதல் அப்பான்ரை பேரை எழுதோணும்."