மூன்று வருட சைக்காலஜி: படித்து முடித்தவளின் விமர்சனம்

முதல் வாரம் வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்ன பொருள் கால்குலேட்டர். தப்பான வகுப்பில் உட்கார்ந்துவிட்டேனோ என்று பக்கத்தில் இருந்தவளின் டைம்டேபிளை எட்டிப் பார்த்தேன். அவளும் என்னுடையதைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குக்குப் பயந்து சைக்காலஜிக்கு ஓடிவந்தவர்கள் அந்த அறையில் பாதிப் பேர் இருப்போம். சராசரி, திட்ட விலக்கம், டி சோதனை, அனோவா என்று கடைசி செமஸ்டர் வரை கணக்கு எங்களை விடவேயில்லை.

இந்தப் படிப்பின் மேல் எனக்கிருக்கும் முதல் புகார் அதுதான். கணக்கு இருப்பது பற்றியல்ல, அதைச் சொல்லாமல் சேர்த்துக்கொள்வது பற்றி. விளம்பரப் படத்தில் சாய்வு நாற்காலி, எதிரே ஆதரவாகத் தலையாட்டும் ஒரு முகம். உள்ளே போனால் ஸ்டாப்வாட்ச், கேள்வித்தாள், எண்கள். 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் தொடங்கியபோதே, ஒரு ஒலி கேட்டு விரல் அசைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டுதான் இருந்தார்கள். இந்த ஒரு வரியை அறிமுக நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் கால்குலேட்டர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

செய்முறை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் கண்ணாடியைப் பார்த்து வரையும் சோதனை ஒன்று உண்டு. மேசையில் ஒரு தாள், அதில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கையும் தாளும் நேராகத் தெரியாதபடி ஒரு மறைப்பு. எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் மூலையிலேயே கை நின்றுவிட்டது. மேலே போ என்றால் கீழே போகிறது. என் கைதான், ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. முதல் தடவை 3 நிமிடம் 40 நொடி, 31 பிழை. பத்தாவது தடவை 52 நொடி, 4 பிழை. அட்டவணை போட்டு, வரைபடம் வரைந்து, 'பயிற்சியால் திறன் கூடுகிறது' என்று முடிவு எழுதி ரெக்கார்டை நீட்டினோம். கையெழுத்து விழுந்தது. அவ்வளவுதான் அந்தச் சோதனை.

அடுத்த வருடம் நினைவாற்றல் பாடத்தில் ஹென்றி மொலெய்சன் வந்தார். வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதற்குப் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவர் முன்னால் வைத்தது இதே கண்ணாடி, இதே நட்சத்திரம். மூன்று நாளில் அவர் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் இப்படி ஒன்றை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை. அதாவது கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை. அதைப் படித்த இரவு எழுந்து போய்ப் பழைய ரெக்கார்டை எடுத்துப் புரட்டினேன். உலகப் புகழ்பெற்ற ஒரு சோதனையை எங்கள் கையாலேயே செய்துவிட்டு, அது இன்னதென்றே தெரியாமல் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்! செய்முறை நடத்தியவரும் பாடம் நடத்தியவரும் அடுத்தடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பாடப்புத்தகத்துக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். கல்லூரி மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து 1971-இல் நடத்திய ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை ஏதோ புவியீர்ப்பு விதி மாதிரி கேள்வியே இல்லாமல் எழுதியிருந்தார்கள். அதன் மேல் எழுந்த விமர்சனங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாம் வருடத்தில் ஓர் இளம் ஆசிரியர் வந்து, 2015-இல் வெளியான கட்டுரை ஒன்றை எங்கள் முன் போட்டார். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்திருக்கிறார்கள். புள்ளியியல்படி தேறியவை 36 சதவீதம்தான். "அப்போ இரண்டு வருடமாக நாங்கள் மனப்பாடம் செய்தது?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கீங்க" என்றார். மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பட்டம் உரிமம் ஆகாது. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் மேற்படிப்பும், அனுபவமுள்ளவரின் கண்காணிப்பில் பயிற்சியும் வேண்டும். மருந்து எழுதும் மனநல மருத்துவர் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர். அது வேறு பாதை. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் முதல் வருடத்தில் சேரும் முன்பே, நீங்கள் போக நினைக்கும் மேற்படிப்பின் சேர்க்கை விதியை எடுத்துப் படியுங்கள். அங்கே செல்லாத பட்டத்தை மூன்று வருடம் படித்துவிட்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இது புரியாமல் நானும் ஒரு கூத்து அடித்தேன். இரண்டாம் வருடத்தில், காதல் முறிந்த ஒரு தோழிக்கு 'கவுன்சலிங்' கொடுக்க ஆரம்பித்தேன். குறிப்பேடு வேறு வைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு. மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் போன் செய்து அழுதபோது, எனக்கு அவளைவிட அதிகமாகக் கை நடுங்கியது. மறுநாள் ஆசிரியை ஒருவரிடம் ஓடினேன். "நீ அவளுக்குத் தோழியா, ஆலோசகரா? ரெண்டுமா இருக்க முடியாதும்மா" என்றார். முறையான ஆலோசகரிடம் அவளை அழைத்துப் போகும் வழியையும் அவரே சொன்னார். ஒழுக்கநெறிப் பாடத்தில் நான் எடுத்த மதிப்பெண்ணைவிட அந்த ஒரு வாக்கியம் கனமானது.

வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரமும் ஒரு ஸ்லைடும். நடுவில் 'சைக்காலஜி' என்று ஒரு வட்டம், அதிலிருந்து மூன்று அம்புகள்: எச்.ஆர்., கவுன்சலிங், ஆராய்ச்சி. சைக்காலஜி என்ற சொல்லே பெயரில் இல்லாத வேலைகள்தான் அதிகம் என்பதை நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன். செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் யூ.எக்ஸ். ஆய்வு, சந்தை ஆய்வு, ஊழியர் பயிற்சி, கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கான உதவிப் பணி, ஆய்வகங்களில் உதவியாளர் வேலை என்று நீண்டுகொண்டே போகிறது.

எனக்குக் கிடைத்தது யூ.எக்ஸ். ஆய்வு. நேர்காணலில் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். 'எங்கள் செயலி எளிமையாகவும் வேகமாகவும் இருக்கிறதா? ஆம் / இல்லை.' எளிமையாக இருந்து வேகமில்லை என்றால் எதைக் குறிப்பது, இது இரண்டு கேள்வி ஆயிற்றே என்றேன். அப்புறம் என் இறுதியாண்டு புராஜெக்ட் பற்றிக் கேட்டார்கள். இரைச்சலில் சொற்பட்டியல் எவ்வளவு நினைவில் நிற்கிறது என்பது தலைப்பு. 42 பேர், பி மதிப்பு 0.06. விளைவு ஏதும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் எண் அது; 0.05-க்குக் கீழே இருந்தால்தான் முடிவைக் கணக்கில் எடுப்பது வழக்கம். "ரெண்டு பேரைத் தூக்கிடு, 0.05-க்குக் கீழே வந்துடும்" என்று சீனியர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். நான் செய்யவில்லை. நேர்மையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். "அப்போ இரைச்சல் நினைவாற்றலைப் பாதிக்கிறதா இல்லையா?" என்றார் எதிரே இருந்தவர். "இந்த 42 பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது" என்றேன். அவர் என் மதிப்பெண் பட்டியலை மூடி ஓரமாக வைத்தார்.

சேரப்போகிறவர்களுக்கு இன்னொன்று. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள். கல்லூரி முடிந்ததும் அதன் உரிமமும் முடிந்து, என் மடிக்கணினியில் அது திறக்க மறுத்துவிட்டது. அதே வேலையைச் செய்யும் ஆர், ஜமோவி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதல் வருடத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். தன்னைத் தானே புரிந்துகொள்ளத்தான் சேர்கிறேன் என்பவர்கள் தயவுசெய்து வேறு ஏதாவது யோசியுங்கள். நான் இன்னும் எனக்குப் புரியாமல்தான் இருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். வழிகாட்டலுக்காக ஒன்றும், அடுத்தடுத்த அறை விவகாரத்துக்காக அரையும் குறைத்திருக்கிறேன். கண்ணாடி பார்த்து நான் வரைந்த முதல் நட்சத்திரம் ரெக்கார்டில் இன்னும் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது மூலையில் பென்சில் கோட்டைத் தாண்டி வெளியே போய், ஒரு சுழி சுழித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.