சொந்த கார்ல சைரன், சுழல் லைட்டு மாட்டலாமா, இல்ல டிக்கியில கெடக்கற சிகப்பு எச்சரிக்கை முக்கோணமே போதுமா?

போன ஆடி மாசம் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தப்ப மச்சானோட பொலேரோலதான் பெரம்பூர்ல இருந்து ஜி.எச்.சுக்கு கூட்டிட்டு போனோம், சாயந்தரம் ஏழரை மணி, டவுட்டன் சிக்னல்ல வண்டி அப்படியே நின்னு போச்சு, முன்னாடி ஒரு மாநகர பஸ்ஸு, பக்கத்துல தண்ணி லாரி. பின் சீட்டுல மாமனாருக்கு வேர்த்து ஊத்தி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, மச்சான் ஹாரன்ல வெச்ச கையை எடுக்கவே இல்ல. அவர் ஸ்டென்ட் வெச்சுட்டு நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். வந்த மறுநாளே மச்சான் ஆரம்பிச்சுட்டான், "மாமா, இனிமே இந்த வண்டியில ஒரு சைரனும் மேல சுழல் லைட்டும் மாட்டிடணும், எவன் வழி விடாம நிக்கறான்னு பாத்துடலாம்."

எனக்கு இருந்த பயம் வேற. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்கு மதுரவாயல் பைபாஸ்ல, போரூர் தாண்டினதும், வலது பக்கம் பின் டயர் பஞ்சர். ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டிட்டு உக்காந்து நட்டைக் கழட்டறேன், ஒவ்வொரு கன்டெய்னர் லாரி போறப்பவும் அந்த காத்துல ஜாக்கி மேல நிக்கற வண்டி ஆடுது. மேல பளிச் பளிச்னு மின்னற மாதிரி ஒண்ணு இருந்திருந்தா தேவலைன்னு அன்னிக்குத்தான் தோணுச்சு.

ஆக ரெண்டு பேரும் ஒரு சனிக்கிழமை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு கார் சாமான் கடைக்கு போனோம். யோசிச்சுப் பாத்தா எங்க ரெண்டு பேருக்கும் வேண்டியது வேற வேற, அவனுக்கு முன்னாடி இருக்கறவன் விலகணும், எனக்கு பின்னாடி வர்றவன் இடிக்கக் கூடாது. கடைக்காரருக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே செட்டை எடுத்து கவுன்ட்டர்ல வெச்சார், சிகப்பு நீலம் லைட்டு, 100 வாட் சைரன், கூடவே ஒரு மைக்கு.

மொதல்ல சைரனையே எடுத்துக்கலாம். பொட்டியில மூணு சத்தம் இருக்கும், மெதுவா ஏறி எறங்கறது ஒண்ணு, படபடன்னு அடிக்கறது ஒண்ணு, ரெண்டு சுரம் மாறி மாறி வர்றது ஒண்ணு. ஸ்பீக்கரோட சேத்து ஐயாயிரத்து ஐநூறு சொன்னார். இதுக்குப் போட்டியா அவரே காட்டினது மல்ட்டி டோன் ஹாரன், ஆயிரத்து எண்ணூறு, "இது ஹாரன்தான் சார், சைரன் கணக்குல வராது"ன்னார். அது சுத்தமா தப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 119-வது விதி, மாறி மாறி சுரம் வர்ற ஹாரனே கூடாதுன்னு சொல்லுது, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி வண்டிகளுக்கு மட்டும்தான் விலக்கு. அதனால சைரனோ மல்ட்டி டோனோ, சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாட்டினா மோட்டார் வாகனச் சட்டத்தோட 182ஏ பிரிவு, 2019 திருத்தத்துல வந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். லைட்டு ஒரு மாற்றம், சைரன் ஒரு மாற்றம்னு எண்ணினா பத்தாயிரம் ஆச்சு. இதைச் சொன்னதும் கடைக்காரர் குரலைக் குறைச்சு, "சுவிட்சை ஸ்டீயரிங்குக்கு அடியில மறைச்சு வெச்சு தரேன் சார், யாருக்கும் தெரியாது"ன்னார். சைரன் அடிச்சா தெருவுக்கே கேக்கும், இதுல சுவிட்சை மறைச்சு என்ன பண்றது!

சரி, சட்டத்தை விடுங்க, மாட்டினா வேலையாவது செய்யுமா? டவுட்டன்ல நாங்க நின்ன நெலமையை யோசிச்சுப் பாருங்க, முன்னாடி பஸ்ஸு, அதுக்கும் முன்னாடி சிகப்பு சிக்னல், சென்டர் மீடியன் ஒரு பக்கம், நிறுத்தி வெச்ச டூவீலர் ஒரு பக்கம், விலகணும்னு நெனக்கறவனுக்கே விலக எடம் இல்ல. ஓடற ரோட்டுலயும் கதை அவ்வளவு சுலபம் இல்ல, ஜன்னலை ஏத்திவிட்டு ஏ.சி. போட்டு பாட்டு கேட்டுட்டு போறவனுக்கு சைரன் கேக்கறதுக்குள்ள நீங்க அவன் பம்பர் கிட்ட வந்திருப்பீங்க, ரெண்டு பக்கமும் கட்டடம் இருக்கற எடத்துல சத்தம் எதிரொலிச்சு எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னே புரியாது. அதனாலதான் ஆம்புலன்ஸ் வர்றப்ப பாதி பேர் தப்பான பக்கம் ஒதுங்கறாங்க.

அன்னிக்கு எங்களுக்கு வழி விட்டது எதுன்னு கேட்டீங்கன்னா, துண்டு. சிரிக்காதீங்க. மச்சானோட ஃப்ரெண்டு ஒருத்தன் முன் சீட்டுல இருந்தான், ஹெட்லைட்டைப் போடச் சொல்லிட்டு ஜன்னல்ல பாதி உடம்பை வெளிய விட்டு மாமனாரோட வெள்ளைத் துண்டை சுத்த ஆரம்பிச்சான், "பேஷன்ட்டு, பேஷன்ட்டு"ன்னு ஒரே கத்தல். ரெண்டு ஆட்டோக்காரங்க திரும்பிப் பாத்தாங்க, ஒருத்தர் எறங்கி வந்து டூவீலரையெல்லாம் கையாலயே தள்ளி ஓரங்கட்டினார், வேப்பேரி வரைக்கும் இன்னொருத்தர் முன்னாடி ஓட்டிட்டு போய் வழி எடுத்துக் குடுத்தார். நம்ம ஊர்ல துண்டுக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும், மனுஷ முகம் தெரியுது, உள்ள யாரோ உயிருக்குப் போராடறாங்கன்னு புரியுது. பொலேரோல சைரன் அடிச்சா "எந்தக் கட்சிக்காரன்டா இவன்"னுதான் மொதல்ல நெனப்பாங்க, வேணும்னே விடமாட்டாங்க. ஆனா துண்டு சிகப்பு சிக்னலைத் தாண்டறதுக்கான லைசென்ஸ் இல்ல, அதையும் சொல்லிடறேன், பாதி உடம்பு வெளிய தொங்கறதும் புத்திசாலித்தனம் இல்ல.

இந்த வரிசையில நாங்க யாருமே யோசிக்காத ஆப்ஷன் 108. தமிழ்நாட்டுல 2008-ல இருந்து ஓடுது, காசு கிடையாது, உள்ள ஆக்சிஜன் இருக்கு, வண்டி ஓட்டற பைலட்டோட கூட இ.எம்.டி.ங்கற அவசர மருத்துவ உதவியாளர் ஒருத்தர் வருவார், போற வழியிலயே பாத்துக்குவார். பொலேரோல பின் சீட்டுல இருந்தது நான், நான் பண்ணின ஒரே வைத்தியம் பேப்பரால விசிறினது. அதுவுமில்லாம அந்த வண்டிக்கு வழி விடலைன்னா அதே சட்டத்துல 194இ பிரிவுல 10,000 ரூபாய் அபராதம், உங்க காருக்கு எத்தனை சைரன் மாட்டினாலும் அந்த உரிமை வராது. 108 வர நேரமாகும்னு பயந்து நாமளே தூக்கிப் போட்டுட்டு போறோம், எனக்கும் அந்த பயம் புரியுது, ஆனா மொதல்ல போன் போட்டு எவ்வளவு தூரத்துல வண்டி இருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் முடிவெடுத்திருக்கலாம். மச்சான்கிட்ட இதைச் சொன்னா "அந்த நேரத்துல யாருக்கு மாமா அதெல்லாம் தோணும்"ங்கறான், அதுவும் நியாயம்தான்.

இப்ப லைட்டுக்கு வரேன், இங்கதான் நெஜமாவே ஒப்பிட விஷயம் இருக்கு. சிகப்பு நீலம் வேணவே வேணாம். 2013 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சிகப்பு சுழல் விளக்கை உயர் பதவியில இருக்கறவங்களுக்கு மட்டும்னு சுருக்குச்சு, 2017 மே 1-ல இருந்து மந்திரிங்க வண்டியில இருந்தே எடுத்தாச்சு. பிரதமருக்கே இல்லாதது நமக்கு எதுக்கு. 2024 மே மாசம் நம்ம சென்னை டிராஃபிக் போலீஸ் நம்பர் பிளேட்டுல போலீஸ், பிரஸ், டாக்டர்னு வெறும் ஸ்டிக்கர் ஒட்டினவங்களையே நிறுத்தி ஃபைன் போட்டாங்க, கிரில்லுக்குள்ள நீலத்துல வெட்டி வெட்டி ஸ்ட்ரோப் லைட்டு மின்னினா சும்மா விடுவாங்களா?

அப்ப மிச்சம் ஆரஞ்சு கலர், ரெக்கவரி வண்டி, ரோடு வேலை வண்டி மேல பாத்திருப்பீங்களே அது. இதுல மூணு டைப்பு. பழைய ஹாலஜன் சுழல் லைட்டு, உள்ள 55 வாட் பல்பு நிக்கும், சின்ன மோட்டார் கண்ணாடியை சுத்தும், பாக்க அழகா இருக்கும், ஆனா 12 வோல்ட்ல கிட்டத்தட்ட நாலரை ஆம்பியர் இழுக்கும், நம்ம ரோட்டுக் குழியில மோட்டாரோ பல்போ ஒண்ணு சீக்கிரம் போகும். செனான் ஸ்ட்ரோப் கண்ணைப் பறிக்கும், கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரு வெட்டு வெட்டிட்டு இருட்டாயிடும், எவ்வளவு தூரத்துல வண்டி நிக்குதுன்னு பின்னாடி வர்றவனுக்குக் கணக்கே வராது. எல்.இ.டி. ஒரு ஆம்பியர்தான் எடுக்கும், உள்ள அசையற பாகம் எதுவும் இல்ல, மழை தாங்கும், அடியில காந்தம் வெச்சது வாங்கினா கூரையில சும்மா தூக்கி வெச்சா ஒட்டிக்கும். எனக்கு எல்.இ.டி.தான், இதுல ரெண்டாவது யோசனையே வேணாம். ஒரு விஷயம், வண்டி ஓடறப்ப இதையும் போடக்கூடாது, முன்னாடி சிகப்பு தெரியக்கூடாது, பின்னாடி சிகப்பைத் தவிர வேற தெரியக்கூடாதுங்கறதுதான் அடிப்படை விதி, நின்ன வண்டி மேல எடுத்து வெச்சுட்டு கெளம்பறப்ப கழட்டி டிக்கியில போட்டுடணும். ஸ்க்ரூ போட்டு நிரந்தரமா மாட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, கூரையில ஓட்டை போட்டா அடுத்த ஐப்பசி மழைக்கு தண்ணி உள்ள வரும்.

மாட்டற வேலையைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நாங்க நின்னுட்டு இருந்தப்பவே பக்கத்துல ஒரு எஸ்.யூ.வி.க்கு சைரன் மாட்டினாங்க. பையனுக்கு பதினெட்டு வயசு இருந்தா அதிகம், ஹாரன் போற ஒயரை நடுவுல வெட்டினான், பிளாஸ்டிக்கைப் பல்லால கடிச்சு உரிச்சான், சைரன் ஒயரை அதோட முறுக்கி கறுப்பு டேப்பை ரெண்டு சுத்து சுத்தினான், முடிஞ்சுது. பேட்டரியில இருந்து தனியா கரன்ட்டை எடுத்துக் குடுக்கற ரிலே இல்ல, தனி ஃப்யூஸ் இல்ல. 100 வாட் சைரன் முழுசா அடிச்சா பத்து ஆம்பியர் கிட்ட போகும், ஹாரன் ஃப்யூஸே பெரும்பாலும் பத்தோ பதினஞ்சோதான், ரெண்டும் சேந்து அடிச்சா ஃப்யூஸ் போகும், அப்புறம் யாரோ ஒருத்தர் அதுல முப்பது ஆம்பியர் ஃப்யூஸை சொருகுவாங்க, அன்னில இருந்து ஒயர்தான் ஃப்யூஸ், எரிஞ்சா அதுதான் எரியும். வெட்டின ஒயரைப் பாத்தா வாரன்ட்டியும் கெடையாது, ஏதாவது எரிஞ்சா இன்ஷூரன்ஸ்காரங்களும் கேள்வி கேப்பாங்க. காந்த லைட்டுல இந்தத் தலைவலியே இல்ல, சிகரெட் சாக்கெட்டுல சொருகற ஒயர் வரும், இல்லன்னா சார்ஜ் போடற மாதிரியே கெடைக்குது.

கடைசியா வண்டியோடவே வர்ற ரெண்டு ஐட்டம். நாலு இண்டிகேட்டரும் மின்னற ஹசார்டு லைட்டு, நம்ம ஆளுங்க பார்க்கிங் லைட்டும்பாங்க. காசு செலவு இல்ல, உடனே போடலாம். குறை என்னன்னா தாழ்வா இருக்கும், டிக்கி கதவைத் தூக்கினா சில வண்டியில லைட்டே மேல போயிடும், பல்பு வண்டின்னா 21 வாட் நாலு மின்னறதுல சராசரியா மூணரை ஆம்பியர் போகும், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில நாலஞ்சு மணி நேரம் மின்ன விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு சந்தேகம்தான். எல்லாத்தையும் விட பெரிய குறை நம்ம ஊர் பழக்கம், ஜங்ஷன்ல நேரா போறதுக்கு ஹசார்டு, மழை பெஞ்சா ஓடற வண்டியில ஹசார்டு, டீ குடிக்க நிறுத்தினா ஹசார்டு, இதனால நெஜமாவே நின்னு போன வண்டியில மின்னினாலும் பின்னாடி வர்றவன் அசால்ட்டா வருவான்.

முக்கோணம் அப்படி இல்ல, அது ரோட்டுல நின்னா முன்னாடி ஏதோ கெடக்குன்னுதான் அர்த்தம். கரன்ட்டு வேணாம், லாரி ஹெட்லைட் பட்டா தானே ஜொலிக்கும், அம்பது மீட்டர் பின்னாடி கொண்டு போய் வைக்கலாம், கூரை மேல இருக்கற எந்த லைட்டாலயும் முடியாத வேலை அது, ஏன்னா வளைவுலயோ மேம்பாலத்து ஏத்தத்துலயோ நின்னுட்டா வண்டி தெரியறதுக்கு முன்னாடியே அவனுக்கு சேதி போயிடும். 2023 டிசம்பர் மழைக்கு முன்னாடி வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்களே, அந்த மாதிரி எடத்துல பின்னாடி ஒரு முக்கோணம் வெச்சா எவ்வளவோ புண்ணியம். குறை, எடை கம்மி, கன்டெய்னர் போற காத்துல சாஞ்சுடும், அடியில ஒரு செங்கல்லோ தண்ணி பாட்டிலோ வைக்கணும். பைபாஸ்ல அன்னிக்கு என்னோடது டிக்கியிலதான் இருந்துச்சு, ஸ்டெப்னி பக்கத்துல, கவர்கூட பிரிக்காம.

என் கணக்குல முக்கோணம் ஒண்ணு, காந்த எல்.இ.டி. ரெண்டு, ஹசார்டு மூணு, ஸ்ட்ரோப்பும் சைரனும் பட்டியல்லயே இல்ல. முக்கோணம்தான் ஏற்கெனவே இருக்கே, நான் லைட்டோட சேத்து ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் வாங்கினேன், லைட்டு எண்ணூறு ரூபா, ஜாக்கெட்டு நூத்தம்பது. மச்சான் வீம்புக்கு ஒரு மல்ட்டி டோன் ஹாரன் வாங்கிட்டான், அது இன்னும் அவன் வீட்டு பரண்ல பொட்டியோட இருக்கு, அவனோட அக்கா மாட்ட விடல.

ஜாக்கெட்டு வாங்கறவங்க அதை டிக்கியில போடாதீங்க. டிரைவர் சீட்டுக்கு அடியில வைங்க, ஏன்னா கதவைத் தெறந்து கால் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே அதை மாட்டியிருக்கணும்.