பெரிய நாய்க்கு மூட்டு மாத்திரை வாங்குறதுக்கு முன்னாடி: எனக்க டைசனுக்கு கொடுத்துப் பாத்த அனுபவம்

எங்க வீடு குமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம். டைசன் லேப்ரடார், வயசு எட்டரை. போன ஐப்பசி மழையில ஒரு நாள் காலையில பாத்தா எழும்ப மாட்டேங்கான், முன்னங்கால ஊணி பின்பக்கத்த இழுத்து ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணி அப்புறந்தான் நிக்கான், கொஞ்சம் நடந்தா சரியாவுது, மறுபடி படுத்து எழும்புனா அதே பாடுதான். வேன்ல ஒரே சாட்டத்துல ஏறுறவன் கதவுக்கிட்ட நின்னு எனக்க மூஞ்சியப் பாக்கான். நெஞ்சு கனத்துப் போச்சு.

முதல்ல ஒரு கடையில போயி பெரிய நாய், கால் வலின்னு சொன்னேன், கால்சியம் சிரப் எடுத்துத் தந்தாங்க, அதுல ஒரு மாசம் வீணாப் போச்சு. மூட்டுத் தேய்மானங்கிறது எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற குருத்தெலும்பு தேயுறது, அதுக்கு கால்சியம் ஒண்ணும் செய்யாது. குட்டி வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும், ராட்வீலர் கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அளவுக்கு மேல கால்சியம் போனா எலும்பு வளர்ச்சியே கோளாறாகும்.

டிசம்பர்ல நாகர்கோவிலுக்கு டாக்டர்கிட்ட கொண்டு போனோம். மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க, வலது இடுப்பு மூட்டுல கிண்ணம் ஆழமில்லாம இருக்கு, தொடை எலும்புப் பந்து அதுல சரியா உக்காராம உரசி உரசி தேஞ்சிருக்கு. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி ஜாதிகளுக்கு பிறப்புலயே இந்த வாகு அதிகமாம். ரத்தம் டெஸ்ட் பண்ணி கிட்னி, லிவர் பாத்துட்டு மெலாக்சிகாம்னு ஒரு வலி மருந்து 7 நாள் கொடுத்தாங்க, வலி நல்லா குறைஞ்சுது. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கேன், நாம சாப்பிடுற வலி மாத்திரையில பாதிய ஒடச்சு குடுன்னு யாராவது சொன்னா குடுத்துராதீங்க. இபுப்ரோபன், டைக்ளோபெனாக், பாரசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷம் மாதிரி, வயித்துல புண்ணு, கிட்னி, லிவர்னு உயிருக்கே வந்துரும்.

இனி மாத்திரை விஷயம். டாக்டர் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின்னு குருத்தெலும்புல இருக்குற ரெண்டு சத்து உள்ளதா பாத்து வாங்கச் சொன்னாங்க. நான் ஆன்லைன்ல விலை குறைஞ்ச ஒண்ணு வாங்கினேன், 60 மாத்திரை 600 ரூவா, தினம் ஒண்ணுன்னு ரெண்டு மாசம் கொடுத்தேன், ஒரு மாற்றமும் காணல. பிப்ரவரியிலதான் டப்பாவ கண்ணாடி போட்டு வாசிச்சேன், ஒரு மாத்திரையில குளுக்கோசமைன் 150 மில்லிகிராம்தான், 10 கிலோவுக்கு ஒண்ணு வீதம்னு பொடி எழுத்துல கெடக்கு! டைசன் 41 கிலோ. அப்படின்னா நாளைக்கு நாலு, ஒரு டப்பா 15 நாளுதான் வரும், மாசம் 1,200 ரூவா. அதுக்கப்புறம் பெரிய நாய்க்குன்னே வர்றது வாங்கினேன், குளுக்கோசமைன் 500, காண்ட்ராய்டின் 200, கூட எம்எஸ்எம்னு ஒரு கந்தகச் சத்து, தினம் ரெண்டு, மாசத்துக்கு 1,150. அதனால டப்பா விலைய பாக்காதீங்க, உங்க நாய்க்க எடைக்கு நாளொண்ணுக்கு எத்தன மில்லிகிராம் போவுது, அதுக்கு எவ்வளவு ரூவா ஆவுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. சில டப்பாவுல அளவே போடாம மூலப்பொருள் பேரு மட்டும் வரிசையா போட்டிருப்பாங்க, அத தொடவே தொடாதீங்க. மனுசங்க சாப்பிடுற இனிப்பு பொடி, சவைக்குற மாத்திரை எதயும் மாத்திக் கொடுக்காதீங்க, சிலதுல சைலிட்டால்னு ஒரு இனிப்பு சேர்ப்பாங்க, அது கொஞ்சம் போனாலே நாய்க்கு சர்க்கரை இறங்கி வலிப்பு வரும்.

பெரிய நாய் மாத்திரை எப்படின்னு கேட்டா, ஆறு வாரம் கழிச்சு கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சுது, காலையில எழும்புறதுக்கு எடுக்குற நேரம் குறைஞ்சுது. ஆனா அது மாத்திரையாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது, ஏன்னா அதே சமயத்துல வேற ரெண்டு காரியமும் பண்ணினோம், அத பின்னாடி சொல்றேன். குளுக்கோசமைனுக்கு ஆராய்ச்சியில கெடச்ச பலன் ஒரே மாதிரி இல்ல, சிலதுல கொஞ்சம் உண்டு, சிலதுல ஒண்ணுமே இல்ல. டப்பாவுலயே இது மருந்து இல்ல, தீவனத்தோட சேர்க்குற சத்துன்னுதான் போட்டிருக்கும். இறால், நண்டு ஓட்டுல இருந்துதான் அது பெரும்பாலும் எடுக்காங்க, அந்த அலர்ஜி உள்ள நாய்க்கு டாக்டர்கிட்ட கேக்காம கொடுக்கக் கூடாது.

நியூசிலாந்துல கெடைக்குற பச்சை உதட்டுச் சிப்பிப் பொடியும் விக்காங்க, நம்ம கடியபட்டணத்துல பாறையில எடுக்குற சிப்பிக்கு சொந்தம்தான் அது, விலை ரொம்ப கூட, நான் வாங்கல.

எனக்க மனசுக்கு பிடிச்சது மீன் எண்ணெய்தான். அதுல உள்ள ஒமேகா 3ங்கிற கொழுப்புக்கு நாய் மூட்டு விஷயத்துல குளுக்கோசமைனவிட நல்ல ஆதாரம் இருக்கு. ஆனா இதுலயும் அளவு பாக்கணும், 1000 மில்லிகிராம்னு பெருசா போட்டிருக்குற சாதா கேப்சூல்ல ஒமேகா 3 வகையான இபிஏ 180, டிஹெச்ஏ 120, மொத்தம் 300தான் வேலைக்கு ஆவுறது, மிச்சம் வெறும் எண்ணெய். மீன் ஈரல் எண்ணெய் வேற, அத இந்த அளவுக்கு கொடுத்தா வைட்டமின் ஏ கூடிப்போகும், மாத்தி வாங்கிராதீங்க. எவ்வளவு கொடுக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, முதல் வாரம் நான் ஒரேயடியா கொடுத்து பாவம் அவனுக்கு வயித்தால போச்சு. தேங்காய்ப்பட்டணத்துல இருந்து சாளை (மத்தி மீன்) வர்ற நாள்ல கேப்சூல் குறைச்சுட்டு, உப்பு மசாலா ஒண்ணும் போடாம குக்கர்ல முள்ளு கரையுற வரைக்கும் வேக வச்சு ரெண்டு மீனு கொடுப்போம், அவன் அதுக்காகவே காத்துக் கெடப்பான். ஜூன் ஜூலை மீன்பிடி தடைக்காலத்துல மீன் விலை ஏறிருச்சு, அப்ப கேப்சூல் மட்டும்தான்.

இது எல்லாத்தயும்விட பெருசு எடை. அம்மா மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவிச்சா அவனுக்கு ஒரு பங்கு, ஏத்தம்பழம் உரிச்சா பாதி, சோறு வேற. குறைக்கச் சொன்னா, "வாயில்லா ஜீவன்லா மக்கா, பாத்துக்கிட்டே நிக்கான்"ன்னு கண்ணு கலங்குவாங்க. அமெரிக்காவுல 48 லேப்ரடார் குட்டிகள ஜோடி ஜோடியா பிரிச்சு ஒண்ணுக்கு மத்ததவிட 25 சதவீதம் குறைச்சு தீனி போட்டு ஆயுசு முழுக்க பாத்திருக்காங்க, 2002ல வெளிவந்துது, குறைச்சு தின்ன நாய்கள் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூட உயிரோட இருந்துது, மூட்டுவாதமும் பிந்தித்தான் வந்துது. அத அம்மாக்கு சொன்னேன். அன்னையில இருந்து மரச்சீனி நின்னுபோச்சு, இப்ப கேரட்டும் வெள்ளரிக்காயும்தான். ரப்பர் ஷீட்டு எடுக்குற கடை தராசுல மாசாமாசம் ஏத்தி நிறுத்துவோம், இப்ப 35 கிலோ. அந்த ஆறு கிலோ இறங்குனதுக்கு அப்புறம் வந்த மாற்றம் எந்த டப்பாவும் தந்ததில்ல.

வழுக்குற டைல்ஸ் மேல அவன் படுக்குற இடத்துல இருந்து வாசல் வரைக்கும் தும்பு மிதியடி வரிசையா போட்டோம். ஜூன்ல அணை திறந்து பட்டணங்கால் வாய்க்கால்ல தண்ணி வந்ததுல இருந்து சாயங்காலம் பத்து நிமிசம் நீந்த விடுறேன், மூட்டுல பாரம் ஏறாம தசைக்கு வேலை கெடைக்குது.

பெரிய நாய் மாத்திரைக்கு 5க்கு 3 கொடுப்பேன், மீன் எண்ணெய்க்கு 4. கையில உள்ள மாத்திரை டப்பா இந்த வாரத்தோட தீருது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஒரு மாசம் அத மட்டும் நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேன், அம்மா கூடாதுங்காங்க, ஐப்பசி மழைக்கு முன்னாடி மறுபடி தொடங்கணும்னு சொல்லி சம்மதிக்க வச்சிருக்கேன்.