இணைப்பு அறுகிறதா? புது மோடம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 98 காலத்தில், டயல்-அப் (மோடம் கொண்டு தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் சேரும்) இணைப்பு பாதியில் அறுகிறது என்று கணினிக் கடையில் முறையிட்டதற்கு, "லைன் சரியில்லை" என்று சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர் சாக்கெட்டையும் கம்பியையும் மாற்றி, வந்துபோன கூலியும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். மறுபடி அறுந்தது. உடனே "மோடம் போச்சு" என்று அதே வகையில் இன்னொன்றைத் தலையில் கட்டினார்கள். அதுவும் அறுந்தது. மோடத்துக்கு ஒரே ஒரு கட்டளையைத் தட்டிப் பார்க்கக்கூட அந்தக் கடையில் யாருக்கும் மனம் வரவில்லை.

லைன் கோளாறு என்றால் தொலைபேசியை எடுத்ததும் இரைச்சல் கேட்கும், வேகம் குறையும், நேரங்காலம் இல்லாமல் அறுந்துபோகும். பேச்சு தெளிவாக இருந்து, ஐஆர்சி அரட்டையில் இருக்கும்போது மட்டும் சட்டென்று அறுந்தால் மோடத்தைச் சந்தேகியுங்கள்.

தரவு அனுப்பிக்கொண்டிருக்கும் மோடத்தைக் கட்டளை நிலைக்குக் கொண்டுவருவது +++ என்ற குறி. ஹேய்ஸ் என்ற மோடம் நிறுவனம் வகுத்த முறைப்படி அதற்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி மௌனம் வேண்டும் (மோடத்தின் அமைப்பு எண்களில் ஒன்றான எஸ்12 பதிவேட்டில் 50, அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காக 50). அந்த முறைக்கு ஹேய்ஸிடம் காப்புரிமை இருந்தது. உரிமத் தொகையைத் தவிர்க்க நினைத்த சில தயாரிப்பாளர்கள் மௌனத்தையே விட்டுவிட்டார்கள். அத்தகைய மோடத்தின் வழியே +++ஏடிஹெச்0 (+++ATH0; ஏடிஹெச்0 என்பது தொடர்பைத் துண்டிக்கும் கட்டளை) என்பதும் அதையடுத்து என்டரும் வெளியே போனால் போதும், தொடர்பைத் துண்டித்துவிடும். தொலைபேசி வழியே உள்ளே வருவது எதுவும் செய்யாது, உங்கள் கணினியிலிருந்து மோடத்துக்குப் போவதுதான் வினை. ஆனால் பிங் பொட்டலத்துக்குள் (கணினி பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்தி) இதை வைத்து யாராவது அனுப்பினால், விண்டோஸ் அதை அப்படியே திருப்பி அனுப்பும். அரட்டையில் உங்கள் ஐபி எண் தெரிந்த எவரும் உங்களை வெளியே தள்ளுவது இப்படித்தான்.

சோதிப்பது எளிது. ஐஆர்சியில் நீங்களே அந்த வரியை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். அறுந்தால் மோடத்தின் குறை உறுதி.

விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், பிராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன், அட்வான்ஸ்ட் என்று போய், எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் கட்டத்தில் எஸ்2=255 (S2=255) என்று எழுதுங்கள். எஸ்2 என்பது மோடத்தைக் கட்டளை நிலைக்குக் கொண்டுவரும் அந்தக் குறியின் எண். வழக்கமாக 43, அதாவது கூட்டல் குறி. 127-க்கு மேல் வைத்தால் அந்த வழியே அடைபட்டுவிடும். ஹைப்பர்டெர்மினலில் (மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் விண்டோஸ் நிரல்) தட்டிச் சேமித்தால் மட்டும் போதாது; விண்டோஸ் ஒவ்வொரு முறை டயல் செய்யும்போதும் பெரும்பாலும் ஏடி&எஃப் அனுப்பி எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். அதனால்தான் அந்தக் கட்டத்திலேயே எழுதச் சொல்கிறோம். இணைப்பை முடிக்க இதனால் இடைஞ்சல் வராது, விண்டோஸ் டிடிஆர் சமிக்ஞையை (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் மின் சமிக்ஞை) இறக்கித்தான் துண்டிக்கிறது.

ஹைப்பர்டெர்மினலில் ஏடிஎஸ்2=255 (ATS2=255) தட்டினால் எரர் என்று பதில் சொல்லும் மோடத்தை வாங்காதீர்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே காசு போயிருந்தால், ரசீதோடு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம்.